மைனிங் கார்டை ட்யூன் பண்ணுவது என்றால் என்ன?

கிராஃபிக்ஸ் கார்டை ஓட்டி டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கும் கிரிப்டோ மைனிங் பற்றி நம் கடலூர், புதுச்சேரிப் பக்கம் பேச்சு வந்தால் ஒரு வசனம் தவறாமல் வரும்: "கார்டை ஓவர்கிளாக் பண்ணிட்டா வருமானம் டபுள்." மஞ்சக்குப்பத்துக் கம்ப்யூட்டர் கடையிலும் கேட்கலாம், லாஸ்பேட்டை டீக்கடையிலும் கேட்கலாம். ஓவர்கிளாக் என்பது கார்டை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. சொல்பவர்களில் பலர் அதைச் செய்தே இருக்க மாட்டார்கள். செய்தவர்களும் கேம் விளையாடுவதற்காகச் செய்திருப்பார்கள். மைனிங்குக்கான ட்யூனிங் கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிரான வேலை. கார்டில் ஒரு பகுதியை முடுக்கிவிட்டு, இன்னொரு பகுதியை வேண்டுமென்றே மந்தமாக்கி, கரண்ட் செலவைப் பாதிக்குப் பக்கமாக இறக்குவதுதான் அது. ஏன் மந்தமாக்க வேண்டும் என்பது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

மைனிங் செய்யுங்கள் என்று யாரையும் கிளப்பிவிட இதை எழுதவில்லை. மீட்டர் கணக்கைக் கீழே போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு என்னதான் செய்கிறது?

பிட்காயின் போன்ற நாணயங்களில் பரிவர்த்தனைகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துப் பதிவு செய்வார்கள். ஒரு கட்டுக்குப் பெயர் பிளாக். அந்தக் கட்டை முத்திரை போட்டு மூட ஒரு நிபந்தனை உண்டு. பிளாக்கில் உள்ள தகவலோடு ஏதாவது ஓர் எண்ணைச் சேர்த்து ஒரு சூத்திரத்துக்குள் விட்டால் நீளமான எண் ஒன்று வெளியே வரும். அதுதான் ஹாஷ். உள்ளே ஓர் இலக்கம் மாறினாலும் வெளியே வருவது மொத்தமாக மாறிவிடும். வெளியே வரும் எண், நெட்வொர்க் குறித்திருக்கும் எல்லையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இருந்தால் பிளாக் உங்களுடையது, பரிசும் உங்களுக்கு. குறுக்குவழி கிடையாது. எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரு நொடியில் எத்தனை தடவை போட்டுப் பார்க்கிறோம் என்பதே ஹாஷ்ரேட். நொடிக்குப் பத்து லட்சம் முயற்சி என்றால் ஒரு மெகாஹாஷ்.

இங்கேயே ஒரு குழப்பத்தை ஒழித்துவிடலாம். கிராஃபிக்ஸ் கார்டில் யாரும் பிட்காயின் எடுப்பதில்லை. 2013 வாக்கிலேயே அந்த வேலைக்கென்று மட்டும் செய்யப்பட்ட ஏசிக் இயந்திரங்கள் வந்து கார்டுகளை வெளியே தள்ளிவிட்டன. "எனக்கு பிட்காயினாத்தான் வருது" என்று சொல்பவர் அநேகமாக நைஸ்ஹாஷ் மாதிரி ஒரு சேவையில் இருப்பார். அவருடைய கார்டு வேறு நாணயத்துக்கு உழைக்கும், கூலி மட்டும் பிட்காயினில் வரும்.

கார்டுகளின் பொற்காலம் எத்தேரியம் என்ற நாணயத்தின் காலம். 2015 ஜூலையில் தொடங்கி, 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங்கையே கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. அதே வகைச் சூத்திரத்தோடு எத்தேரியம் கிளாசிக் இன்னும் ஓடுகிறது. ட்யூனிங் பற்றி இன்றைக்கும் புழங்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை எத்தேரியம் காலத்தில் பிறந்தவை என்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதுநகர் துறைமுகத்துக் கணக்கு

கார்டுக்குள் நமக்கு வேண்டியவை இரண்டு. கணக்குப் போடும் சில்லு, அதாவது கோர். அதைச் சுற்றிப் பதித்திருக்கும் நினைவகச் சில்லுகள், அதாவது மெமரி. கோர் கேட்கும் தகவலை மெமரி எடுத்துக் கொடுக்கும்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் அரிவாள்மனையோடு வரிசையாக உட்கார்ந்து மீன் அரியும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். படகிலிருந்து கூடையில் மீனைக் கொண்டுவந்து கொட்டுபவர் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் அரிகிறார்கள். கூடை வந்து விழுந்ததும் நிமிஷத்தில் தீர்த்துவிட்டு அடுத்த கூடைக்காகக் காத்திருக்கிறார்கள். இப்போது இன்னும் பத்துப் பேரைக் கூலிக்கு அமர்த்தினால் ஒரு மீன்கூட அதிகம் அரிபடாது, கூலி மட்டும் ஏறும். புத்தியுள்ள ஏலக்காரர் என்ன செய்வார்? அரிபவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கூடை தூக்குபவரின் நடையைக் கொஞ்சம் துரிதப்படுத்துவார். அதிகமாக விரட்டினால் அவர் வழியிலேயே மீனைச் சிந்துவார் என்பதும் அவருக்குத் தெரியும்.

அரிபவர்கள்தான் கோர். கூடை தூக்குபவர் மெமரி. எத்தேரியத்தின் சூத்திரம் வேண்டுமென்றே கூடையை நம்பி இருக்கும்படி எழுதப்பட்டது. ஏசிக் இயந்திரங்கள் சுலபமாக உள்ளே வந்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம்.

8 கிலோபைட்டில் ஒளிந்திருக்கும் உச்சவரம்பு

இது எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எத்தேரியத்தின் சூத்திரத்தில் ஒரே ஒரு ஹாஷ் போட, கார்டின் மெமரியில் கிடக்கும் ஒரு பெரிய தரவுத் தொகுப்பிலிருந்து 64 முறை, ஒவ்வொரு முறையும் 128 பைட் எடுக்க வேண்டும். மொத்தம் 8,192 பைட், அதாவது 8 கிலோபைட். இனி ஆர்டிஎக்ஸ் 3070 கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மெமரி நொடிக்கு 448 ஜிகாபைட் கொடுக்கும் என்று அதைத் தயாரிக்கும் என்விடியாவே சொல்கிறது. 448 ஜிகாபைட்டை 8,192 பைட்டால் வகுத்தால் சுமார் 54.7 மெகாஹாஷ். அதற்கு மேல் கோர் எவ்வளவு வேகமானாலும் கிடையாது. ட்யூன் பண்ணாத 3070 நடைமுறையில் 50 மெகாஹாஷுக்குச் சற்று மேலே நின்றதற்குக் காரணம் இதுதான். மெமரியை முடுக்கியவர்களுக்கு 60, 62 வரை வந்தது. ஆர்எக்ஸ் 580 என்ற இன்னொரு கார்டுக்கும் இதே கணக்கைப் போடலாம். நொடிக்கு 256 ஜிகாபைட், வகுத்தால் 31. மைனர்கள் அந்தக் கார்டில் எடுத்துக்கொண்டிருந்ததும் 30 சொச்சம்தான்.

ஆக, கார்டு வாங்கும் முன்பே அதன் உச்சம் என்ன என்று பேப்பரில் போட்டுப் பார்த்துவிடலாம். யாராவது 3070இல் எத்தேரியம் 90 மெகாஹாஷ் எடுத்தேன் என்று சொல்லியிருந்தால், சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போயிருக்கலாம்.

இதுவரை பார்த்தது: மைனிங் என்பது திரும்பத் திரும்ப ஹாஷ் போடுவது. எத்தேரியம் வகையில் மெமரியின் வேகம்தான் எல்லை. கோர் பெரும்பாலும் காத்துக்கொண்டு நிற்கிறது.

காத்திருப்பதற்கும் கரண்ட் ஆகும்

"சும்மா நிக்கிற கோர் நின்னுட்டுப் போகட்டுமே, அதை எதுக்குக் குறைக்கணும்?" என்று கேட்கலாம். முழு வேகத்தில் துடித்துக்கொண்டே காத்திருக்கும் கோர், காத்திருப்பதற்கும் மின்சாரம் குடிக்கிறது.

ஒரு சில்லு இழுக்கும் மின்சாரம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பது. இதற்குக் கிளாக் என்று பெயர். இன்னொன்று, அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தம், வோல்டேஜ். கிளாக்கைப் பாதியாக்கினால் செலவு பாதியாகும். வோல்டேஜைப் பாதியாக்கினால் செலவு கால்வாசியாகிவிடும், ஏனென்றால் அது வர்க்கமாக வேலை செய்கிறது. கிளாக் குறைந்தால் குறைந்த வோல்டேஜே போதும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இறங்கும்.

உதாரணத்துக்கு 1,725 மெகாஹெர்ட்ஸ் கோரை 1,100க்கு இறக்கி, 1 வோல்ட்டை 0.75 ஆக்கினால், கிளாக்கால் 0.64 மடங்கு, வோல்டேஜால் 0.56 மடங்கு. பெருக்கினால் 0.36. கோரின் செலவு மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிட்டது. மெமரியும் ஃபேனும் தங்கள் பங்கை வழக்கம்போல் இழுப்பதால் மொத்தம் அவ்வளவு இறங்காது. ஆனாலும் 220 வாட் கார்டான 3070, எத்தேரியத்தில் 120 முதல் 130 வாட்டில் ஓடியது. ஹாஷ்ரேட் ஏறியது ஐந்தில் ஒரு பங்குதான், வாட்டுக்குக் கிடைக்கும் ஹாஷோ இரண்டு மடங்கு. ட்யூனிங்கின் லாபம் இந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது. பேச்சில் அடிபடுவதென்னவோ முதலாவதுதான்.

கை வைக்கும் வரிசை

விண்டோஸில் பெரும்பாலோர் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளை வைத்திருப்பார்கள். பல கார்டுகளைச் சேர்த்துக் கட்டிய ரிக்குகளில் மைனிங்குக்கென்றே உள்ள ஹைவ்ஓஎஸ் என்ற இயங்குதளம் இருக்கும். எதுவானாலும் திருக வேண்டிய குமிழ்கள் நான்குதான்: பவர் லிமிட் (கார்டு இழுக்கலாம் என்று விடும் வாட்டின் உச்சம்), கோர் கிளாக், மெமரி கிளாக், ஃபேன்.

முதலில் எதையும் தொடாமல் ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஹாஷ்ரேட், வாட், வெப்பநிலை மூன்றையும் எழுதி வையுங்கள். பிறகு கோரைப் படிப்படியாக இறக்குங்கள். ஓரளவு வரை ஹாஷ்ரேட் அசையவே அசையாது, வாட் மட்டும் விழுந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் ஹாஷ்ரேட்டும் சரியத் தொடங்கும். அங்கே அரிபவர்கள் போதாமல் போய்விட்டார்கள் என்று அர்த்தம், ஒரு படி மேலே வந்து நிறுத்துங்கள். அதன் பிறகே மெமரி. நூறு நூறு மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். பவர் லிமிட்டை மட்டும் குறைத்தாலும் பலன் உண்டு, ஆனால் எதை எவ்வளவு குறைப்பது என்பதைக் கார்டே தீர்மானிக்கும், கோர் மேலும் கீழும் அலைந்துகொண்டிருக்கும். கோரை ஒரே எண்ணில் பூட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மெமரியை எதுவரை ஏற்றலாம்? இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். தனியாக மைனிங் செய்பவர் அரிது. பலரும் சேர்ந்த கூட்டணியில், அதாவது பூலில் இருப்பார்கள். நீங்கள் உழைத்ததற்கு அத்தாட்சியாக, சுலபமான எல்லைக்குள் விழும் ஹாஷ்களை அவ்வப்போது பூலுக்கு அனுப்புவீர்கள். அதற்குப் பெயர் ஷேர். மெமரி எல்லை மீறினால் தப்பான தகவலைக் கொடுக்கும். அதை வைத்துப் போட்ட ஷேர் செல்லாது. உங்கள் திரை 63 மெகாஹாஷ் என்று பெருமையாகக் காட்டும், பூல் 58க்குத்தான் கூலி கொடுக்கும். இன்வேலிட் என்று ஷேர் விழ ஆரம்பித்தால் மெமரியை இறக்குங்கள். ஸ்டேல் என்று விழுந்தால் அது தாமதமாகப் போய்ச் சேர்ந்த ஷேர், காரணம் பெரும்பாலும் இணையம். அதற்காகக் கார்டைக் குடைய வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர் செட்டிங்கை அப்படியே நகலெடுப்பதிலும் பொருளில்லை. ஒரே மாடல் கார்டிலேயே ஒன்றில் சாம்சங் மெமரி இருக்கும், இன்னொன்றில் ஹைனிக்ஸ் இருக்கும். ஒன்று தாங்கும் வேகத்தை மற்றது தாங்காது.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: "அண்ணே, ஜிபியு யூசேஜ் 100 சதவீதம் காட்டுது, அப்ப கோர் ஃபுல்லா வேலை செய்யுதுதானே?" இல்லை தம்பி. அந்த அளவு, கோரிடம் ஏதாவது வேலை ஒப்படைக்கப்பட்டிருந்த நேரத்தைத்தான் எண்ணுகிறது. கூடைக்காகக் காத்திருந்த நேரமும் அதில் அடக்கம். கோர் உழைக்கிறதா காத்திருக்கிறதா என்று அந்த எண் சொல்லாது. கிளாக்கை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

சுருக்கமாக: முதலில் கோரை இறக்கு, பிறகு மெமரியை ஏற்று, பூல் காட்டும் கணக்கை மட்டும் நம்பு.

மீட்டர் சொல்வது

ஆறு 3070 கார்டுகள் உள்ள ரிக் ஒன்றைக் கணக்கிடுவோம். ட்யூன் செய்தால் கார்டுக்கு 130 வாட், போர்டுக்கும் மற்றதுக்கும் 80. மொத்தம் 860. பவர் சப்ளை தன் பங்குக்கு 10 சதவீதம் போலச் சூடாக விட்டுவிடும் என்பதால் சுவரிலிருந்து இழுப்பது ஏறக்குறைய 955 வாட். நாளுக்கு 23 யூனிட், இரண்டு மாதத்துக்கு சுமார் 1,375 யூனிட். ட்யூன் செய்யாமல் விட்டால் இதே ரிக் 2,240 யூனிட்டைத் தின்னும்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணப்படி 500 யூனிட் தாண்டினாலே கீழ் அடுக்கின் சலுகை விலை கைவிட்டுப் போனது, 1,000 தாண்டினால் யூனிட் 11 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகும் கட்டணம் ஏறியிருக்கிறது. வீட்டுக்கு மட்டும் 400 யூனிட் ஆகும் குடும்பம் சுமார் 1,125 ரூபாய் கட்டியிருக்கும். ட்யூன் செய்த ரிக்கைச் சேர்த்தால் சுமார் 15,000. ட்யூன் செய்யாத ரிக் என்றால் 24,500 பக்கம். நெய்வேலி மின் நிலையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறதே என்று மீட்டர் இரக்கப்படாது. புதுச்சேரியில் மின்துறை மாதாமாதம் கணக்கெடுக்கிறது, மேல் அடுக்கின் விலையும் குறைவு. சோரியாங்குப்பத்தில் ஓடும் ரிக்குக்கும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கடலூரில் ஓடும் ரிக்குக்கும் லாப நஷ்டம் ஒன்றாக இருக்காது.

இதில் வரியும் சேரும். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ வருமானத்துக்கு 30 சதவீத வரி, மேலே செஸ். மைனிங்குக்கான கட்டமைப்புச் செலவை வாங்கிய விலையாகக் கழிக்க முடியாது என்று நிதி அமைச்சகம் அந்த ஆண்டு மார்ச்சிலேயே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் தனி. ஆகவே கரண்ட் பில் முழுக்க உங்கள் பையிலிருந்துதான் போகிறது. எத்தேரியம் போன பிறகு கார்டுகள் அத்தனையும் மிச்சமிருந்த சிறு நாணயங்களை மொய்த்துப் பங்கைக் கரைத்துவிட்டன. என்னைக் கேட்டால், யூனிட்டை மேல் அடுக்கு விலைக்கு வாங்கி வீட்டில் மைனிங் செய்வதற்கு இன்று நியாயமான காரணம் எதுவும் தெரியவில்லை. ஏற்கெனவே கார்டு கையில் இருப்பவர் கற்றுக்கொள்வதற்காகச் செய்து பார்க்கலாம்.

சூடு, உப்பு, வயரிங்

ரிக் இழுக்கும் 955 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் இறங்கும். கத்திரி வெயிலில் மாடி அறையே 36, 37 டிகிரியில் இருக்கும்போது கார்டு அதற்கு மேல்தான் தன் சூட்டை ஏற்றிக்கொள்கிறது. ஏசி போட்டால் அதற்கும் யூனிட். சூட்டை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேனே மேல். 3080, 3090 கார்டுகளில் கோர் 60 டிகிரி காட்டும்போது மெமரி 110ஐ எட்டித் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். அவற்றில் மெமரி வெப்பத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி கடலோரத்தில் வீடு என்றால் உப்புக்காற்று வேறு. தூசியோடு ஈரமும் உப்பும் சேர்ந்து, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் பிசின் போல அப்பிக்கொள்ளும். ஊதினால் போகாது, பிரஷ் வேண்டும். கார்டின் தங்கநிறப் பற்களில் மங்கல் தெரிகிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்.

வயரிங்கில் விளையாட்டு வேண்டாம். இரவு பகலாக 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் சாதனத்தைப் பழைய 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள். எர்த் உள்ள பவர் பிளக் தனியாகப் போடுங்கள். கார்டைப் போர்டோடு இணைக்கும் ரைசருக்கு, ஹார்ட் டிஸ்குக்கான சாட்டா கனெக்டரில் கரண்ட் கொடுப்பது இன்னொரு ஆபத்து. அந்தக் கனெக்டரின் 12 வோல்ட் முனை தாங்குவது 54 வாட், ரைசர் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். உருகிப் போன கனெக்டர்களின் கதை இதுதான். 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று கரண்ட் போய் வந்த நாட்களை நினைத்துக்கொண்டு, புயல் அறிவிப்பு வந்தால் ரிக்கின் மெயினை அணைத்துவிடுங்கள்.

எல்லா நாணயத்துக்கும் ஒரே மருந்து இல்லை

மேலே சொன்ன 'கோரை இறக்கு' பாடம் மெமரியை நம்பும் சூத்திரங்களுக்கு மட்டும். ரேவன்காயின் 2020 முதல் ஓட்டும் காவ்பௌ சூத்திரம் கோரையும் கசக்கிப் பிழியும். அதில் கோரை 1,100க்குப் பூட்டினால் ஹாஷ்ரேட் கூடவே விழும். நாணயம் மாறினால் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.

மைனிங்கில் ஓடிய பழைய கார்டு விலைக்கு வந்தால் பயந்து ஒதுங்க வேண்டியதும் இல்லை. நன்றாக ட்யூன் செய்து 130 வாட்டில் ஓடிய கார்டின் கோர், கேமில் 220 வாட்டில் வெந்த கார்டைவிட நிம்மதியாக இருந்திருக்கும். தேய்ந்திருப்பது ஃபேனும், மெமரியின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேடும்தான். ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள், அரைமணி நேரம் சுமை கொடுத்துத் திரையில் புள்ளிகள் சிதறுகின்றனவா என்று பாருங்கள்.

வாங்கிய கார்டில் வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுபவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது மொழி மாடலின் பதில் வேகத்துக்கும் எல்லை பெரும்பாலும் மெமரிதான், எத்தேரியத்தைப் போலவே. பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வாட் எவ்வளவு விழுகிறது, பதில் வேகம் எவ்வளவு குறைகிறது என்று இரண்டையும் பக்கத்தில் எழுதினால், எங்கே நிறுத்துவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.